மூன்றரை மணிக்குத்தான் தொடங்கும் என்று எழுதி வைத்திருந்தேன்

விமானம் ஓட்டும்போது தொடையில் கட்டிக்கொள்ளும் சின்ன எழுதுபலகை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு தாளை மட்டும் இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். பறப்புத் தடை தொடங்கும் நேரத்தை ‘1930 ஜூலு, மாலை 3.30’ என்று நீல மையில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன். எழுதியதில் தப்பில்லை. ஜூலு என்று விமானிகள் சொல்லும் உலகப் பொது நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் கழித்தால் நியூ ஜெர்சியின் கோடை நேரம் வரும், அந்தக் கணக்கும் சரிதான். ஆனால் எழுதியது வெள்ளிக்கிழமை ராத்திரி. மறுநாள் பகல் பன்னிரண்டு மணி ஆவதற்குள் என் இடது ஜன்னலுக்கு வெளியே அமெரிக்க விமானப்படையின் எஃப்-16 போர் விமானம் வந்து நின்றது. அமெரிக்க அதிபர் தன் விமானத்தில் வந்து இறங்கும் வட்டாரத்துக்குள், அனுமதி இல்லாமல், நான் தனியாக ஒரு பழைய செஸ்னா 172-இல் பறந்துகொண்டிருந்தேன்.

இங்கே நம் ஆட்கள் நிறையப் பேர் இப்போது பறக்கக் கற்றுக்கொள்கிறார்கள். எனக்கு இது நடந்தபோது தமிழில் தேடினேன், ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் இருந்ததெல்லாம் சட்ட வாசகம். பயத்தில் இருப்பவளுக்கு அது மண்டையில் ஏறவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் நியூ ஜெர்சியில் மென்பொருள் வேலை பார்ப்பவள். எச்1-பி விசா, கிரீன் கார்டு வரிசையில் பல வருடக் காத்திருப்பு. வெளிநாட்டுக்காரர் இங்கே விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன் போக்குவரத்துப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பான டி.எஸ்.ஏ.விடம் விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, கட்டணம் கட்டி, சம்மதம் வாங்க வேண்டும். அதையெல்லாம் செய்து, பதினான்கு மாதம் வாரக்கடைசிகளைக் கொடுத்து, தனியார் பைலட் உரிமம் வாங்கினேன். அந்த ஆகஸ்டில் அப்பா பெரம்பூரிலிருந்து வந்திருந்தார். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். நான் ஓட்டும் விமானத்தில் ஒரு தடவை உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. திங்கட்கிழமை அவருக்கு ஊர் திரும்பும் டிக்கெட். சனிக்கிழமை காலை நான் தனியாகப் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் வரை போய்த் திரும்பி, கை பழகிய சூட்டோடு, மதியம் ஒரு மணிக்கு அப்பாவை ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் சுற்றி வருவது என்று திட்டம் போட்டேன்.

இந்த இடத்தில் அதிபரின் விமானத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஏர் ஃபோர்ஸ் ஒன் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது வெள்ளையும் நீலமும் பூசிய போயிங் 747. 28000, 29000 என்று வால் எண் போட்ட இரண்டு விமானங்கள், 1990-இலிருந்து ஓடுகின்றன. ஆனால் ஏர் ஃபோர்ஸ் ஒன் என்பது ஒரு விமானத்தின் பெயரே இல்லை. அதிபர் ஏறியிருக்கும் எந்த விமானப்படை விமானத்துக்கும் ரேடியோவில் அந்த அழைப்புப் பெயர்தான். 1953-இல் ஐசன்ஹோவர் போய்க்கொண்டிருந்த கான்ஸ்டலேஷன் விமானத்தின் எண் 8610. அதே வானத்தில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் பயணி விமானம் ஒன்றும் 8610 என்ற எண்ணோடு வந்துவிட்டது. அந்தக் குழப்பத்துக்குப் பிறகுதான் அதிபருக்கென்று தனி அழைப்புப் பெயர் வந்தது. இதைச் சும்மா தகவலுக்காகச் சொல்லவில்லை. பெரிய ஜம்போ இறங்க முடியாத இடத்துக்கு அதிபர் எங்கே வரப்போகிறார் என்று நான் அசட்டையாக இருந்தேன். டிரம்ப்பின் கால்ஃப் விடுதி நியூ ஜெர்சியில் பெட்மின்ஸ்டரில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலுள்ள மோரிஸ்டவுன் தளத்தின் ஓடுபாதை ஏறக்குறைய 6,000 அடிதான். அதனால் அங்கே பெரும்பாலும் போயிங் 757-இன் ராணுவ வடிவமான சி-32 வரும். அதுவும் ஏர் ஃபோர்ஸ் ஒன்தான். அங்கிருந்து விடுதிக்கு மரீன் ஒன் ஹெலிகாப்டர். வருவது எந்த விமானமாக இருந்தாலும் வானத்தில் விழும் பூட்டு ஒன்றுதான்.

அந்தப் பூட்டுக்கு டி.எஃப்.ஆர். என்று பெயர், தற்காலிகப் பறப்புத் தடை. அதிபர் வந்தால் வழக்கமாக இரண்டு வளையம் போடுவார்கள். உள்வளையம் 10 கடல் மைல் ஆரம். தரையிலிருந்து 18,000 அடி வரை நம்மைப் போன்றவர்கள் நுழையவே கூடாது. வெளிவளையம் 30 கடல் மைல். அதற்குள் இருக்கும் தளத்துக்கு வரலாம், அங்கிருந்து போகலாம். ஆனால் ஃப்ளைட் பிளான் கொடுத்திருக்க வேண்டும், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியில், கட்டுப்பாட்டு அதிகாரி உங்களுக்கென்று தரும் தனி எண்ணைப் போட்டிருக்க வேண்டும், அவரோடு ரேடியோவில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பயிற்சிப் பறப்பு கிடையாது, ஊர் சுற்றிப் பார்ப்பது கிடையாது, கிளைடர், பாராசூட், பலூன், ட்ரோன் எதுவும் கிடையாது. உள்வளையத்தில் மாட்டிக்கொள்ளும் சின்னத் தளங்கள் அதிபர் தங்கும் நாள் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். கோடை வாரக்கடைசிதான் அவர்களுக்குச் சம்பாதிக்கும் நேரம் என்பதை நினைத்தால் வயிறு எரியும். நான் வாடகைக்கு எடுக்கும் தளம் வெளிவளையத்துக்குள், பெட்மின்ஸ்டரிலிருந்து இருபது மைல் தள்ளி இருந்தது.

வெள்ளி இரவு பார்த்த அறிவிப்பில் தடை சனி மாலை மூன்றரைக்குத் தொடங்கும் என்றிருந்தது. அப்பாவோடு பறந்து முடித்து, விமானத்தைக் கட்டிப்போட்டுவிட்டு, காபியும் குடித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்பாவைத் தளத்தின் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலியோரப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு எட்டரைக்குக் கிளம்பினேன். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, பையில் பேனா சொருகி, எவர்சில்வர் ஃபிளாஸ்கோடு வந்திருந்தார். “நீ போயிட்டு வாம்மா, நான் இங்கயே பாத்துக்கிட்டு இருக்கேன். ரயில்ல காத்திருக்காத காத்திருப்பா?” என்றார்.

லான்காஸ்டரில் இறங்கி, முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டு, பதினொன்று பத்துக்குத் திரும்பக் கிளம்பினேன். தடை முன்னால் நகர்ந்து பதினொன்றரைக்கே தொடங்கப் போகிறது என்று அதற்குள் புது அறிவிப்பு வந்துவிட்டிருந்தது. என் ஐபேடில் இருந்ததோ முந்தைய இரவு இறக்கிய தகவல். சாப்பிட்ட இடத்தில் வைஃபை இருந்தது. அதில் அப்பாவுக்கு இட்லி மாவு எங்கே வாங்கலாம் என்று தேடினேன், அறிவிப்பைத் திறக்கவில்லை. இரண்டே நிமிட வேலை. இன்றைக்கும் என்னால் ஜீரணிக்க முடியாதது அந்த இரண்டு நிமிடம்தான். ஆகவே முதலில் சொல்வது இதுதான்: போகும் வழிக்குப் பார்த்த அறிவிப்பு திரும்பும் வழிக்குச் செல்லாது. சாவியைத் திருப்புவதற்கு முன், அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் டி.எஃப்.ஆர். பக்கத்தை மறுபடி பாருங்கள். முடிந்தால் 1-800-992-7433 என்ற ஃப்ளைட் சர்வீஸ் எண்ணைக் கூப்பிட்டு ஒரு மனிதக் குரலிடம் கேளுங்கள். நீங்கள் கேட்டீர்கள் என்பது பதிவாகவும் இருக்கும். அதிபரின் நேரம் அவர் வசதிக்கு மாறும், அறிவிப்பும் கூடவே மாறும்.

இரண்டாவது தப்பு, டவரை விட்டு வெளியே வந்ததும் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ‘ஃப்ளைட் ஃபாலோயிங்’, அதாவது ரேடாரில் நம்மைக் கவனித்துக்கொண்டே வரும் சேவை, கேட்காமல் விட்டது. வானம் கண்ணாடி மாதிரி இருந்தது, பழகிய வழி, எதற்கு வீணாகப் பேச வேண்டும் என்று இருந்துவிட்டேன். டிரான்ஸ்பாண்டரில் எல்லோரும் போடும் 1200. ரேடாரில் நான் பெயரில்லாத ஒரு புள்ளி. யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் “மேடம், முன்னால் தடை இருக்கிறது, திரும்புங்கள்” என்று ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஃப்ளைட் ஃபாலோயிங் மட்டும் வெளிவளையத்துக்குள் போகும் அனுமதி ஆகிவிடாது, அது வேறு. ஆனால் உங்களை எச்சரிக்க ஒரு குரல் இருக்கும்.

டெலவேர் ஆற்றைத் தாண்டிச் சில நிமிடம் ஆகியிருக்கும். முதலில் வந்தது வெளிச்சம். நடுப்பகலில், கண்ணுக்கு நேரே, வெல்டிங் பொறி போல வெள்ளையாக இரண்டு மூன்று. என் இஞ்சினில்தான் தீ என்று நினைத்துக் கேஜ்களைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு இடது பக்கம் ஒரு சாம்பல் நிற உடல் வந்தது. என் வேகத்துக்கு அதனால் பறக்க முடியவில்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு, தொங்குவது போல என்னைக் கடந்து, சுற்றி மறுபடி வந்தது. அதன் காற்றில் என் விமானம் மேடு பள்ளத்தில் இறங்கிய ஆட்டோ மாதிரி குலுங்கியது. இறக்கைகளை ஆட்டிக் காட்டியது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விஷயம்தான்: அவர் இறக்கை ஆட்டினால் நாமும் ஆட்டி, பின்தொடர வேண்டும். அந்த நேரத்தில் அது நினைவுக்கு வர எனக்கு அரை நிமிடம் ஆனது. வாயில் எச்சில் இல்லை. கந்தா, கந்தா என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரேடியோவை 121.5-க்கு மாற்றியதும் என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பது கேட்டது. எவ்வளவு நேரமாகக் கூப்பிட்டார்களோ. அது அவசர அலைவரிசை. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு எல்லோரும் முடிந்தவரை அதைக் கேட்டுக்கொண்டே பறக்க வேண்டும். என் விமானத்தில் இரண்டு ரேடியோ இருந்தன, இரண்டாவது சும்மாதான் கிடந்தது. தயவுசெய்து உங்கள் இரண்டாவது ரேடியோவை 121.5-இல் வைத்துவிட்டே கிளம்புங்கள், ஒரு பைசா செலவில்லை. இடைமறித்தால் செய்ய வேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இறக்கையை ஆட்டிப் பதில் சொல்லுங்கள். 121.5-இல் உங்கள் விமானத்தின் எண்ணைச் சொல்லுங்கள். வேறு எண் சொல்லாதவரை டிரான்ஸ்பாண்டரில் அவசர எண்ணான 7700 போடுங்கள். சட்டென்று உயரத்தையோ திசையையோ நீங்களாக மாற்றாதீர்கள், அவர் காட்டும் பக்கம் மட்டும் திரும்புங்கள். அவர் ஒரு தளத்தைச் சுற்றி, சக்கரத்தை இறக்கிக் காட்டினால் அங்கே இறங்கச் சொல்கிறார் என்று பொருள். வெடுக்கென்று மேலே விலகிப் போனால் உங்களை விட்டுவிட்டார்.

என்னை மேற்கே திருப்பி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் தளத்தில் இறங்கச் சொன்னார்கள். இறங்கி இஞ்சினை அணைத்தபோது உள்ளூர் போலீஸ் வண்டி நின்றது. கொஞ்ச நேரத்தில் அதிபரின் பாதுகாப்பைப் பார்க்கும் ரகசியச் சேவைக்காரர் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டரை மணி நேரம். உரிமம், மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், விசா. பாஸ்போர்ட் வீட்டில், போனில் படம்தான் இருந்தது. எங்கே வேலை, விமானம் யாருடையது, ஏன் இந்த வழி, பையில் என்ன. மரியாதையாகத்தான் கேட்டார்கள். நான்தான் அளவுக்கு மேல் பேசினேன். ஒரு தாளில் எழுதித் தருகிறேன் என்று நானே முன்வந்து, “அனுமானித்துவிட்டேன்”, “பார்த்திருக்க வேண்டும்” என்றெல்லாம் முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். பின்னால் வழக்கறிஞர் அதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். காட்ட வேண்டிய ஆவணங்களைக் காட்டுவது கடமை. பொய் சொல்லவே கூடாது. ஆனால் நடுங்கும் கையோடு எழுத்து வாக்குமூலம் தர வேண்டிய கட்டாயம் இல்லை, ஆலோசனை கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று பணிவாகச் சொல்லலாம்.

அத்தனை நேரமும் என் மனம் வேலியோரப் பெஞ்சில் இருந்தது. அப்பாவிடம் இங்கத்து சிம் கிடையாது. அலுவலகப் பையன் ஏதோ சொல்லியிருக்கிறான், அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது. விமானத்தை அங்கேயே விட்டுவிட்டு டாக்ஸி பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால். சட்டை கசங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஃபிளாஸ்க் மூடி திறக்கப்படவே இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, “இறங்கிட்டியாம்மா? அது போதும்” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அவர் ஊருக்குப் போய்விட்டார். வீட்டுக்காரர் அந்த வாரம் வேலையாகச் சிகாகோவில் இருந்தார். அவரிடம் போனில் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. விசா போய்விடும், வேலை போய்விடும், குழந்தையின் பள்ளிக்கூடம் என்னாகும் என்று நாலு ராத்திரி தூங்கவில்லை.

இந்தப் பயத்திலேயே நாளைக் கடத்தியிருந்தால் மிகப் பெரிய உதவி ஒன்றை இழந்திருப்பேன். நாசா நடத்தும் ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற பாதுகாப்பு அறிக்கைத் திட்டம் அது. வேண்டுமென்று செய்யாத தப்பாக இருந்து, பத்து நாளுக்குள் அங்கே அறிக்கை அனுப்பி, முந்தைய ஐந்து வருடத்தில் வேறு மீறல் இல்லாமல் இருந்தால், விதிமீறல் நிரூபணமானாலும் உரிமத்தை நிறுத்திவைக்கும் தண்டனையை எஃப்.ஏ.ஏ. விதிப்பதில்லை. குற்றச் செயலுக்கு இது பொருந்தாது. எனக்கு இது ஐந்தாம் நாள், பழைய இன்ஸ்ட்ரக்டரிடம் அழுதபோதுதான் தெரிந்தது. அன்றிரவே அனுப்பி, ரசீதை எடுத்து வைத்தேன். அனுப்பிய நேரம் உங்களிடம் இருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து எஃப்.ஏ.ஏ.விடமிருந்து விசாரணைக் கடிதம் வந்தது. வழக்கறிஞர் மூலம் பதில் கொடுத்தேன். விசாரித்த அதிகாரி கடுமையானவர், ஆனால் நியாயமானவர். கடைசியில் உரிமம் நிறுத்தப்படவில்லை. தரை வகுப்பும் இரண்டு மணி நேரப் பறப்புமாக மறுபயிற்சி முடித்துக் கையெழுத்து வாங்கித் தரச் சொன்னார்கள். எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. 30 முதல் 90 நாள் வரை உரிமம் நிறுத்தப்படுவது சகஜம், தெரிந்தே நுழைந்தால் சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. குடியேற்ற வழக்கறிஞரையும் தனியாகப் பார்த்தேன். என் விஷயம் நிர்வாக நடவடிக்கை, குற்ற வழக்கு அல்ல என்று அவர் சொன்ன அன்றுதான் எனக்குப் பசித்தது.

செலவையும் மறைக்காமல் சொல்கிறேன். டாக்ஸி 118 டாலர். விட்டுவந்த விமானத்தைத் தளம் திரும்பக் கொண்டுவர இன்ஸ்ட்ரக்டர் கூலியும் வாடகையும் 460. அங்கே நிறுத்திவைத்ததற்கு 20. விமானச் சட்ட வழக்கறிஞர் 750, குடியேற்ற வழக்கறிஞர் 250. மறுபயிற்சி 780. மொத்தம் 2,378 டாலர். விமானிகள் சங்கமான ஏ.ஓ.பி.ஏ.வில் சட்ட உதவித் திட்டம் இருக்கிறது. அதில் முன்பே சேர்ந்திருந்தால் பெரிய செலவு ஒன்று குறைந்திருக்கும். பிரச்சினை வந்தபின் சேர்ந்து அந்தப் பிரச்சினைக்கு உதவி கேட்க முடியாது. உரிமம் வாங்கிய அன்றே சேருங்கள்.

விமானம் ஓட்டாதவர்களுக்கும் ஒன்று. எடிசன், ஐசலின் எல்லாம் பெட்மின்ஸ்டரின் 30 மைல் வட்டத்துக்குள்தான் வரும். பிறந்தநாள் விழா, காதுகுத்து என்று பூங்காவில் ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுக்கிறோம். அதிபர் வந்திருக்கும் நாளில் அதுவும் இதே மீறல்தான். பொம்மைதானே என்று யாரும் விட மாட்டார்கள். பறக்கவிடும் முன், எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் எஃப்.ஏ.ஏ.வின் பி4யூஃப்ளை சேவையைத் தரும் செயலி ஒன்றைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இப்போது நான் கிளம்பும் ஒவ்வொரு முறையும் தடை நேரத்தை ஜூலுவிலும் உள்ளூர் நேரத்திலும் எழுதுவதோடு, அதை எத்தனை மணிக்குப் பார்த்தேன் என்பதையும் பக்கத்தில் எழுதுகிறேன். பார்த்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் அந்தத் தாள் செல்லாது, திரும்பப் பார்க்க வேண்டும். அப்பா அடுத்த வருஷம் வருகிறார். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் பெரம்பூரிலிருந்து போன் வருகிறது. சாப்பிட்டாயா, குழந்தை எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம். முதல் கேள்வி, “அவர் இந்த வாரம் உங்க பக்கம் வராராம்மா?”

“பாத்துட்டுச் சொல்றேன்ப்பா” என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே ஐபேடைத் திறக்கிறேன்.